பூ விதை முளைக்கவில்லையா? மண்ணைக் கிளறிப் பாருங்கள்!

பொங்கலுக்குச் செண்டிப்பூ விற்க வேண்டும் என்று மணமேல்குடிப் பக்கத்துச் சிறு விவசாயி திட்டமிட்டால், அவர் கையில் இருக்கும் நாட்கள் குறைவு. விதைத்த நாளிலிருந்து நாற்றுப் பறிக்க ஏறத்தாழ 30 நாட்கள். நட்ட பிறகு முதல் பூப் பறிக்க 60 முதல் 70 நாட்கள். பண்டிகைக்கு முன்னால் நாலைந்து பறிப்பாவது கிடைத்தால்தான் செலவுக்குக் கட்டும். தை முதல் தேதியிலிருந்து இந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், புரட்டாசி முதல் பாதிக்குள் விதை மண்ணில் விழுந்தாக வேண்டும். முதல் விதைப்பு பொய்த்து, அது இரண்டு வாரம் கழித்துத் தெரிந்து, மறுபடி விதை வாங்கித் தூவினால், இளநாற்று ஐப்பசி அடைமழையில் சிக்கும். பூவோ பொங்கல் கழிந்த பிறகு வரும்.

வீட்டுக் கொல்லையில் ஒரு பாத்தி பிடித்துப் பூ நாற்று விடுவது சிறிய வேலைதான். ஆனால் பத்து சென்ட் பூந்தோட்டத்தின் வரவு செலவு அந்தச் சிறிய பாத்தியில்தான் தீர்மானமாகிறது. பாத்தி முளைக்காவிட்டால் "விதை சரியில்லை" என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். சில சமயம் அது உண்மை. பல சமயம் விதை நன்றாகவே இருந்திருக்கும். எது உண்மை என்பதைக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் பாத்தியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.

பாத்தி சொல்லும் சேதி

முதலில் பொறுமை வேண்டும். செண்டிப்பூ விதை நம் வெயிலுக்கு 4 முதல் 7 நாட்களில் தலை காட்டும். கோழிக்கொண்டைக்கு ஒரு வாரம், பத்து நாள். வாடாமல்லி இரண்டு வாரம் வரை எடுத்துக்கொள்ளும். கனகாம்பரமோ இரண்டு மூன்று வாரம் ஆகியும் முளைத்துக்கொண்டே இருக்கும். பத்தாம் நாளில் ஏமாந்து பாத்தியைக் கொத்திவிட்டுக் கத்தரி நாற்று விடுகிறவர்கள், முளைக்க இருந்த கனகாம்பரத்தைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள்.

நாள் கடந்தும் முளைக்காவிட்டால், பாத்தியில் ஐந்து இடங்களில் உள்ளங்கை அகலத்துக்கு மேல்மண்ணை வழித்துப் பழைய செய்தித்தாளில் பரப்பி விதையைத் தேட வேண்டும். விதையே இல்லை என்றால் எறும்பு இழுத்துப் போயிருக்கும், அல்லது நீர் அடித்துப் போயிருக்கும். பாத்தியின் தாழ்ந்த மூலையைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். அங்கே மட்டும் கொத்தாக முளைத்திருந்தால் குற்றவாளி வாளித் தண்ணீர். பூவாளியால் தெளிப்பதும், விதைத்த இடத்தின்மேல் வைக்கோலை மெல்லிதாகப் பரப்பி அதன்மேல் நீர் விடுவதும் இதைத் தடுக்கும். எறும்புக்குப் பாத்தியைச் சுற்றி அடுப்புச் சாம்பல் தூவி, சற்றுத் தள்ளி ஒரு பிடி நொய்யை வைத்துவிடுவது பழைய வழக்கம். எறும்பு நொய்யை இழுத்து முடிப்பதற்குள் விதை முளைத்துவிடும்.

விதை கிடைத்து, நகத்தால் அழுத்தினால் கூழாகப் பிதுங்கினால் அழுகிவிட்டது என்று பொருள். நீர் மிகுதி, மக்காத சாணம், அல்லது விதை முன்பே செத்துப்போனது ஆகியவற்றில் ஒன்று காரணம். விதை முளைத்து, வெள்ளைத் தண்டு மண்ணுக்குள்ளேயே வளைந்து மடிந்து கிடந்தால் ஆழம் கூடிவிட்டது, அல்லது மேல்மண் காய்ந்து ஓடுபோல் இறுகிவிட்டது. விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு மண் மேலே இருந்தால் போதும். ஊசிபோல் மெலிந்த செண்டிப்பூ விதைக்கு அரை சென்டிமீட்டர் மண்ணே அதிகம். கோழிக்கொண்டை விதை ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஆயிரம் நிற்கும். அத்தனை சிறிய விதையில் இருக்கும் உணவு ஒரு விரற்கடை மண்ணைத் துளைத்து வரப் போதாது. அதை மணலோடு கலந்து தூவி, மேலே சலித்த மண்ணைக் கோலமாவு தூவுவதுபோல் தூவினால் போதும்.

நாலாவது நிலை ஒன்று உண்டு. விதை கெட்டியாக, போட்டது போட்டபடி, முளைக்கவும் இல்லாமல் அழுகவும் இல்லாமல் கிடக்கும். பாத்தியோ ஈரமாக இருக்கும். பாக் ஜலசந்தியை ஒட்டிய ஊர்களில் இதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த விதைகளில் இருபதை எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஈரத் துணியில் மடித்து நிழலில் வைத்துப் பார்க்கலாம். துணியில் முளைத்தால் விதையின்மேல் பழி இல்லை. பாத்தியில் உப்பு இருக்கிறது.

உப்பு செய்யும் வேலை

விதை முளைப்பதற்கு முதலில் நீரை உறிஞ்சிப் பருக்க வேண்டும். மண்ணில் இருக்கும் நீரில் உப்பு கூடினால், அந்த நீரை விதை தன் பக்கம் இழுக்க முடிவதில்லை. ஈரத்தின் நடுவே கிடந்தும் விதை தாகத்தோடு இருக்கிறது. இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் 1850களில் இதைப் பற்றி ஒரு சோதனை செய்தார். 87 வகை விதைகளை உப்பு நீரில் 28 நாட்கள் ஊறப்போட்டு எடுத்து விதைத்தபோது 64 வகைகள் முளைத்தன. சில வகைகள் 137 நாட்கள் ஊறிய பிறகும் முளைத்தன. கடல் கடந்து செடிகள் எப்படித் தீவுகளுக்குப் போகின்றன என்று அறிய அவர் செய்த சோதனை அது. கடலோர விவசாயிக்கு அதில் வேறொரு செய்தி இருக்கிறது: உப்பு பல விதைகளை உடனே கொன்றுவிடுவதில்லை, நிறுத்தித்தான் வைக்கிறது. ஆகவே முளைக்காத பாத்தியை உடனே கைவிட வேண்டியதில்லை. ஒரு நல்ல மழை மேலுப்பைக் கீழே இறக்கினால் மறுவாரமே முளைத்து நிற்பதைக் காணலாம். ஆனால் முளைத்து வெளிவந்த இளங்குருத்துக்கு இந்தப் பொறுமை கிடையாது. அது உப்பில் நுனி கருகிச் செத்துவிடும்.

உப்பு எங்கிருந்து வருகிறது? கோடையில் கிணற்று நீர் வற்றும்போது உவர்ப்பு ஏறும் என்பது எல்லாரும் அறிந்தது. அறியாமல் கொண்டுவந்து சேர்ப்பது இரண்டு. ஒன்று, பொலபொலப்பாக இருக்கிறதே என்று பாத்தியில் கலக்கும் கடற்கரை மணல். அதில் உப்பும் இருக்கும், கிளிஞ்சல் பொடியும் இருக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி, முளைத்த நாற்றை வெளிறச் செய்யும். ஆற்று மணலோ கண்மாய் வண்டலோ கிடைக்கும்போது கடல் மணலைத் தேடிப் போக வேண்டாம். இரண்டாவது, தென்னை நார்க்கழிவு. தென்னை மிகுந்த பகுதியாதலால் இது எளிதில் கிடைக்கிறது. மக்காத நார்க்கழிவில் முளைப்பைத் தடுக்கும் துவர்ப்புப் பொருளும், உப்பும் உண்டு. மக்க வைத்து, நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே குழித்தட்டில் நிரப்ப வேண்டும்.

உவர் நீரை அடிக்கடி லேசாகத் தெளிப்பது பலரும் செய்யும் தவறு. வெயிலில் நீர் ஆவியாகிப் போகிறது. உப்பு மேல்மண்ணிலேயே தங்குகிறது. நாளுக்கு மூன்று முறை தெளித்தால் விதை கிடக்கும் அந்த அரை அங்குலத்தில்தான் உப்பு சேரும். பார் கட்டி விதைப்பவர்கள் பாரின் உச்சியில் வெண்மை பூத்திருப்பதைக் கண்டிருப்பார்கள். அதனால் உவர் நிலத்தில் பாரின் உச்சியில் விதைக்காமல், சரிவின் நடுப்பகுதியில் விதைக்கச் சொல்வது வழக்கம்.

இதற்கெல்லாம் மேலான வழி, நாற்றுக்கு மட்டும் மழைநீர் கொடுப்பது. முடியாத காரியம்போல் தோன்றும். கணக்குப் போட்டால் அவ்வளவு பெரிதில்லை. 45 சென்டிமீட்டருக்கு 35 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் பத்து சென்டுக்கு ஏறத்தாழ 2,500 நாற்றுகள் தேவை. 98 குழிகள் கொண்ட தட்டில் விட்டால், சேதாரம் சேர்த்து 28 தட்டுகள். ஒரு தட்டுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் நீர். 25 நாட்களுக்கு உத்தேசமாக 400 லிட்டர் ஆகிறது. இது 200 லிட்டர் கொள்ளும் இரண்டு டிரம்கள்தான். ஆவணி, புரட்டாசியில் மாலை நேரத்தில் பெய்யும் மழையில் ஓட்டுக் கூரையிலிருந்து இதைப் பிடித்து வைத்துவிடலாம். டிரம்மின் வாயைத் துணியால் இறுகக் கட்டிவைக்க வேண்டும். இல்லையேல் நாற்றோடு கொசுவும் வளரும். கிணற்று நீரையே நம்ப வேண்டியவர்கள் அதை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின்கடத்து திறனைப் பார்த்துக்கொள்வது நலம். அந்த அளவு மீட்டருக்கு ஒரு டெசிசைமனைத் தாண்டினால் நாற்றங்காலுக்கு யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

வரிசையாகச் சாயும் நாற்று

நன்றாக முளைத்த பாத்தி மூன்று நாள் மூடிய வானத்துக்குப் பிறகு காலையில் வட்ட வட்டமாகச் சாய்ந்து கிடக்கும். மண் மட்டத்தில் தண்டு சுருங்கி நூல்போல் ஆகியிருக்கும். இது நாற்றழுகல். பித்தியம் முதலிய பூஞ்சைகள் இதற்குக் காரணம். ஒரு சாண் உயர மேட்டுப்பாத்தி, நெருக்கமில்லாத விதைப்பு, மாலையில் அல்லாமல் காலையில் நீர் விடுதல் ஆகிய மூன்றையும் செய்தால் இந்நோய் பெரும்பாலும் தலையெடுப்பதில்லை. விதைக்கு முன் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நேர்த்தி செய்யலாம். சில கிராம் விதைக்கு ஒரு சிட்டிகை போதும். நோய் கண்ட பிறகு ஒரு லிட்டர் நீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து மண் நனைய ஊற்ற வேண்டும். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். மருந்தையும் அதையும் ஒரே சமயத்தில் இட்டால் மருந்து அதையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

மழைக்குப் பயந்து கீற்றுப் பந்தலை எடுக்காமலே விட்டுவிட்டால் நாற்று வெளிறி நெடுநெடுவென்று வளர்ந்து, நட்டதும் சாயும். முளைத்ததும் பந்தலை எடுத்துவிட்டு, மழை வரும் நேரத்தில் மட்டும் வில்லாக வளைத்த குச்சிகளின்மேல் பாலிதீன் விரிப்பை இழுத்து மூடலாம். கோழிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பொலபொலப்பான பாத்தி எங்கே என்று அவற்றுக்குத் தெரியும். ஆனால் கடையில் வாங்கிய விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏறியிருந்தால் பெரும்பாலும் அது மருந்திட்ட விதை. மிச்ச விதையைக் கோழி முன்னால் கொட்டக்கூடாது.

மாறிப் பூப்பது ஏன்?

நாற்று தப்பிப் பிழைத்து, நட்டு, இரண்டு மாதம் உழைத்த பிறகு வரும் ஏமாற்றம் இன்னும் பெரியது. போன வருடம் பந்துபோல் பூத்த செண்டிப்பூவிலிருந்து எடுத்த விதைதான். இந்த வருடம் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று மஞ்சள், ஒன்று ஆரஞ்சு. சில செடிகளில் இதழே இல்லாமல் பச்சைக் கிண்ணத்தில் நார் நீட்டிக்கொண்டிருக்கும். யாரோ சூனியம் வைத்ததுபோல் தோன்றும். காரணம் எளியது. கடையில் வாங்கியது கலப்பின விதை. செண்டிப்பூவில் சில கலப்பினங்களை உண்டாக்க, மகரந்தமும் இதழும் இல்லாத மலட்டுச் செடியைத் தாயாக வைக்கிறார்கள். அந்தக் குணம் முதல் தலைமுறையில் மறைந்திருக்கும். எல்லாச் செடியும் ஒரே சீராகப் பூக்கும். அதிலிருந்து விதை எடுத்து விதைத்தால் அது நாலில் ஒரு செடியில் வெளிப்படும். ஆயிரம் செடி நட்டவருக்கு 250 செடி பூவில்லாமல் நிற்கும் என்றால் நட்டக் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நாலில் ஒரு பங்குக் கணக்கைக் கண்ணால் காண விரும்புகிறவர்களுக்கு வீட்டு வாசலில் இருக்கும் அந்திமந்தாரையே போதும். பரம்பரைக் குணங்களைப் பற்றி மெண்டல் 1866இல் வெளியிட்டதை 1900இல் மீண்டும் வெளிக்கொணர்ந்த மூவரில் ஒருவரான ஜெர்மானிய அறிஞர் கார்ல் கோரென்ஸ், அந்திமந்தாரையை வைத்தே ஆராய்ந்தார். சிவப்புப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் சேர்த்தால் பிறப்பவை எல்லாம் இளஞ்சிவப்பு. அந்த இளஞ்சிவப்பின் விதையை விதைத்தால் நாலில் ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, இரண்டு இளஞ்சிவப்பு. வீட்டு அழகுக்கு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கலவை ஒரு சந்தோஷம். மூட்டையில் ஒரே நிறம் கேட்கும் பூ வியாபாரியிடம் விற்பவருக்கு அப்படி அல்ல.

எனவே கலப்பினம் வைப்பவர்கள் ஒவ்வொரு முறையும் புது விதை வாங்குவதே சரி. விதையைத் தாமே எடுத்துவைக்க விரும்புகிறவர்கள் எம்.டி.யு. 1 போன்ற ரகங்களையோ, டெல்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா நாரங்கி கெயிந்தா, பூசா பசந்தி கெயிந்தா ரகங்களையோ வைக்கலாம். முன்னது ஆரஞ்சு, பின்னது மஞ்சள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் தேனீ கலந்துவிடும். விதைக்கென்று ஒரு நிறத்தை மட்டும் தனியே வைப்பது நல்லது. கோழிக்கொண்டையிலும் இப்படித்தான். கொண்டையாகப் பூப்பதும் கதிராகப் பூப்பதும் அருகருகே இருந்தால் விதை கலந்து, அடுத்த பருவத்தில் கொண்டைக்குப் பதில் வால் வரும்.

பெயர்க் குழப்பமும் ஒரு விபத்துதான். துலுக்கச் சாமந்தி, செண்டுமல்லி, செண்டிப்பூ எல்லாம் ஒன்றே. மெக்சிகோவிலிருந்து வந்த அந்தச் செடி வேறு. சாமந்தி என்றும் செவ்வந்தி என்றும் சொல்வது வேறு. செவ்வந்தியை விதையிலிருந்து வளர்த்தால் தாயைப்போல் பிள்ளை அமைவது அரிது. அதனால்தான் அதற்குப் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடுகிறார்கள். மல்லிகை, முல்லைக்குப் பதியனும் வெட்டுக்குச்சியும்.

கனகாம்பரத்தின் இரண்டு முகங்கள்

கனகாம்பரத்தில் இந்த வித்தியாசத்தை அறியாதவர்கள் ஒரு வருடத்தையே இழக்கக்கூடும். டெல்லி கனகாம்பரம் என்ற பெரிய பூ ரகம் விதையே கட்டாது. செடியின் உயிரணுக்களில் குணங்களைச் சுமக்கும் இழைகள் இரண்டு தொகுதியாக இருந்தால் விதை கட்டும்போது சரிபாதியாகப் பிரியும். இந்த ரகத்தில் மூன்று தொகுதி இருப்பதால் சமமாகப் பிரிய வழியில்லை. அந்தச் செடியில் விதைக்காகக் காத்திருப்பது வீண். வேர்விட்ட குச்சியை வாங்கித்தான் நட வேண்டும். "டெல்லி கனகாம்பரம் விதை" என்று யாராவது பொட்டலம் நீட்டினால் வாங்காமல் வருவதே நல்லது.

நாட்டுக் கனகாம்பரம் நன்றாக விதை கட்டும். ஆனால் பறித்து வைக்கலாம் என்று நினைத்திருக்கும் நாளில் ஒரு தூறல் விழுந்தால் போதும். நனைந்த காய்கள் பட்பட்டென்று வெடித்து விதையை நாலாபக்கமும் எறிந்துவிடும். எனவே காய்ந்த கதிர்களைப் பனி உலர்ந்த பிறகு, மழைக்கு முந்தி அறுத்து, மூடிபோட்ட பாத்திரத்தில் வைக்க வேண்டும். அதிலேயே நாலு சொட்டு நீர் தெளித்து மூடினால் உள்ளுக்குள்ளேயே வெடித்து விதை முழுவதும் கைக்குக் கிடைக்கும். பிறகு நிழலில் உலர்த்திக்கொள்ளலாம். வேரைக் கெடுக்கும் நூற்புழு இந்தப் பயிருக்குப் பெரிய எதிரி. செண்டிப்பூவின் வேர் இவ்வகை நூற்புழுவை அடக்கும் பொருளை வெளிவிடுவதால், செண்டிப்பூ வைத்து முடித்த இடத்தில் கனகாம்பரம் வைப்பது நல்ல சுழற்சி.

விதையைக் காப்பது

பூத்திருக்கும்போதே நல்ல செடிக்கு ஒரு வண்ண நூல் கட்டி வைத்துவிட வேண்டும். எல்லாப் பூவையும் விற்றுவிட்டுக் கடைசியில் மிஞ்சிய சொத்தைப் பூவில் விதை எடுப்பவர்கள் சொத்தையைத்தான் பெருக்குகிறார்கள். செண்டிப்பூ செடியிலேயே காய்ந்து பழுப்பேறிய பின் பறித்து, கறுத்துத் திரண்ட விதையை மட்டும் வைத்துக்கொண்டு வெளிறிய பதரைப் புடைத்துத் தள்ள வேண்டும். வாடாமல்லி விதையைச் சுற்றியுள்ள பஞ்சைத் தேய்த்து நீக்கி, ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் முளைப்பு ஒன்றுபோல் இருக்கும்.

கடற்காற்றில் ஈரம் அதிகம். வெயிலில் காய்ந்த விதையைத் துணியில் முடிந்து ஆணியில் தொங்கவிட்டால் அது காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதை அறிவியலில் வழங்கும் கணக்கு. மூடி இறுகும் டப்பாவின் அடியில் நன்றாக வறுத்து ஆறிய அரிசியை இரண்டு விரற்கடைக்குப் போட்டு, அதன்மேல் காகித உறையில் விதையை வைத்து மூடினால், அரிசி ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

கடை விதை என்றால் பொட்டலத்தில் குவியல் எண், முளைப்புச் சதவீதம், சோதித்த தேதி ஆகியவற்றைப் பார்த்து வாங்க வேண்டும். உறையையும் ரசீதையும் பூ பூக்கும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். விதை பொய்த்து நட்டமடைந்த விவசாயி நுகர்வோர் மன்றத்தை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் கையில் ரசீதும் உறையும் இல்லாதவர் வழக்கை நிலைநாட்டுவது கடினம். பாத்தியைத் தோண்டி விதையைப் பார்த்துவிட்டு, சந்தேகம் தீராவிட்டால் வம்பனிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விதையையும் மண்ணையும் தண்ணீரையும் காட்டி ஆலோசனை பெறலாம்.

வீட்டு விதையானாலும் கடை விதையானாலும் ஆடிக் கடைசியில் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். ஐம்பது விதையை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி, ஒரு வாரம் ஈரம் காயாமல் வைத்துப் பார்க்க வேண்டும். 35க்கு மேல் முளைத்தால் நம்பி விதைக்கலாம். 25 என்றால் இரட்டிப்பாகத் தூவ வேண்டும். இருபதுக்கும் கீழே போனால் அந்த விதையை விட்டுவிட்டு வேறு விதை தேட வேண்டியதுதான். புரட்டாசி பிறக்க அப்போது இன்னும் ஒரு மாதம் இருக்கும்.